கவ்வாத்து மலையிற் கொழுந்து: மலையகப் படைப்பாளியும் எழுத்துப் பயிற்சியும்

மலையகத் தமிழ் இலக்கியம் பற்றிக் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டு வந்துள்ள கட்டுரைகளைத் தொகுத்து நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் அவதானிப்பர். மலையகப் படைப்பாளிகள் எதனை எழுதினர் என்பது பற்றி நிறையவே பேசப்பட்டுள்ளது. லயத்து வாழ்க்கை, பிரஜாவுரிமைப் பறிப்பு, தாயகம் திரும்புவோர் என்ற பெயரில் நிகழ்ந்த குடும்பப் பிரிவு, சம்பளப் போராட்டம் என்றவாறு பொருளடிப்படையில் அவர்தம் ஆக்கங்கள் வகுத்தும் தொகுத்தும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின், அவர்கள் எவ்வாறு எழுதக் கற்றுக்கொண்டனர், தமது எழுத்தை எவ்வாறு செப்பனிட்டனர், எழுத்தாளராக வாழ்வதற்கு வேண்டிய நேரத்தையும் இடத்தையும் எங்கிருந்து பெற்றனர் என்ற வினாக்கள் அந்த அளவுக்கு எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாக்களை எழுப்ப முயல்கிறது. இது முழுமையான ஆய்வன்று. எழுதப் பழகும் மாணவன் ஒருவன் தன் முன்னோரிடம் பாடங்கேட்கும் முயற்சி என்றே இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

இம்முயற்சிக்குத் தூண்டுதலாயமைந்த நிகழ்ச்சியை முதலிற் கூறிவிடுதல் நன்று. பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாம் ஆண்டிற் சிறுகதையொன்று எழுதினேன். அதன் நாயகி கொழுந்தெடுக்கும் பெண். கணவன் ஒரு மலையிற் கவ்வாத்து வெட்டும்போது காயமுற்றுப் படுக்கையில் வீழ்கிறான். அடுத்த வாரம் அவள் அதே மலையிற் கண்ணீர் மல்கக் கொழுந்து கிள்ளியவாறே மயங்கி வீழ்ந்து இறக்கிறாள். எழுதி முடித்தபோது என் கண்களும் கலங்கியிருந்தன. விடுமுறையில் அட்டனுக்கு அருகிலுள்ள எங்கள் தோட்டத்துக்குச் சென்றபோது, இஸ்தோப்பில் அமர்ந்து அக்கதையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முப்பதாண்டுகளாகக் கூடை சுமப்பவர் அவர். பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "கவ்வாத்து வெட்டுன மலையில ஏதுடா தம்பி கொழுந்து?" என்றார். சற்றுநேரங் கழித்து, "அந்தப் புள்ள ஏன் ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேங்குறா? நாங்க அப்புடியா வேல செய்யிறோம்?" என்றும் கேட்டார்.

கவ்வாத்து வெட்டிய செடி தளிர்த்து, மட்டம் பார்த்துக் கிள்ளும் நிலைக்கு வருவதற்குப் பல மாதங்கள் செல்லும். இது தோட்டத்துச் சிறு பிள்ளையும் அறிந்த செய்தி, நானும் அறிந்ததே. ஆயினும் கதை எழுத அமர்ந்த வேளையில் அவ்வறிவு என் கைக்கு வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டுவிட்டு, பிறர் எழுதிய கதைகளிலே நான் படித்திருந்த தோட்டமொன்றைத் திரும்ப எழுதியிருந்தேன். அம்மாவின் முதலாவது வினா தகவற் பிழையைச் சுட்டியது. இரண்டாவது வினா பார்வைப் பிழையைச் சுட்டியது. திறனாய்வுப் பாடத்திலே நான் பின்னர் கற்ற பலவற்றுக்கு அவ்விரு வினாக்களும் முன்னுரையாயின என்று கூறுவதில் எனக்குத் தயக்கமில்லை.

இவ்வனுபவம் என் ஒருவனுக்கு மட்டும் உரியதெனின் இங்கு எழுதவேண்டிய தேவை இராது. மாணவர் போட்டிகளுக்கென எழுதப்படும் மலையகக் கதைகளைப் படித்துப் பார்க்குமிடத்து, கொடிய துரை, காமுகக் கணக்கப்பிள்ளை, குடிகாரத் தகப்பன், இருமி இருமிச் சாகும் தாய், இறுதிப் பக்கத்திற் கொதித்தெழும் இளைஞன் என ஒரே வார்ப்பிலான மாந்தர் மீண்டும் மீண்டும் வருவதைக் காணலாம். இவர்கள் வாழ்க்கையில் இல்லாதவர்கள் என்பது என் வாதமன்று. வாழ்க்கையில் இவர்களுக்குள்ள முகம் கதையில் இல்லாது போயிற்று என்பதே குறை. இக்குறையைச் சுட்டுமிடத்துக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "இது உழைக்கும் மக்களின் இலக்கியம், இதிற் கலைநயம் தேடுவது மேட்டுக்குடி மனப்பான்மை."

இவ்விடையின் மூலத்தை வரலாற்று நோக்கில் விளங்கிக்கொள்ளுதல் அவசியம். 1950களிலும் 1960களிலும் ஈழத்து இலக்கிய உலகில் உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தது. பேராசிரியர்கள் க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோரின் சிந்தனைத் தலைமையோடு வளர்ந்த முற்போக்கு அணியினர், மக்கள் வாழ்வே இலக்கியத்தின் பொருளாதல் வேண்டும் என வற்புறுத்தினர். மண்வாசனை என்ற கோட்பாடு ஈழத்து எழுத்துக்குத் தன்னம்பிக்கையை அளித்தது. அதுவரை எழுத்திற்கு உரியதெனக் கருதப்படாதிருந்த தேயிலை மலைக்கும் அது வாயிலைத் திறந்துவிட்டது. இந்நன்றியை மறத்தல் தகாது. ஆனால் உள்ளடக்கம் முதன்மையானது என்ற கூற்றை, உள்ளடக்கம் மட்டுமே போதுமானது எனப் பின்வந்தோர் திரித்துக்கொண்டமைக்கு அவர்கள் பொறுப்பாளிகளல்லர். மலையகத்தின் சிறந்த படைப்பாளிகள் எவரும் அவ்வாறு கருதியவர்களுமல்லர். அவர்தம் வாழ்வும் எழுத்தும் எழுத்தென்பது பயின்று பெறும் தொழில் என்பதையே நமக்கு உணர்த்துகின்றன. இதுவே இக்கட்டுரை நிறுவ விழையும் கருத்து.

அனுபவத்துக்கும் பயிற்சிக்குமுள்ள உறவைத் தெளிவுபடுத்தப் புதுமைப்பித்தனின் "துன்பக் கேணி"யை ஈண்டு நினைவுகூரலாம். 1930களில் எழுதப்பட்ட அந்நெடுங்கதை, திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் ஏழைகளைப் பற்றியது. புதுமைப்பித்தன் இலங்கைத் தோட்டமொன்றில் வாழ்ந்து அனுபவம் பெற்றவரல்லர். ஆயினும் சொல்லாட்சியின் வலிமையாலும் சமூகத்தை ஊடுருவிக் காணும் பார்வையாலும் அக்கதையை நிலைபெறச் செய்தார். அவரால் எழுத முடியாதிருந்தது ஒன்றுண்டு. அது தோட்டத்தின் உள்வாழ்க்கை: நிரையில் நிற்கும் பெண்களின் பேச்சு, நிறுவையிடத்து வாக்குவாதம், பிரட்டுக்களத்து விடியல் முதலியன. அவருக்குப் பயிற்சி இருந்தது, அனுபவம் இருக்கவில்லை. எமக்கோ அனுபவம் இருக்கிறது. அதனை மட்டும் நம்பி நாம் எழுதுவோமாயின், எம்மிடமுள்ள ஒரே மேம்பாட்டையும் வீணாக்கியவர்களாவோம்.

மலையக எழுத்தின் தொடக்கத்தை நோக்குவோம். தஞ்சையிலிருந்து வந்து 1920களில் இங்கு பத்திரிகைப் பணியையும் தொழிற்சங்கப் பணியையும் தொடங்கிய கோ. நடேசய்யர், 1936 முதல் 1947 வரை அட்டன் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபையில் விளங்கியவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையார் தொழிலாளர் நிலைபற்றிப் பாட்டுக்கள் இயற்றிச் சிறு பிரசுரங்களாக வெளியிட்டதோடு கூட்டங்களிற் பாடியும் வந்தார். இவற்றை இன்று ஏட்டிற் படிப்போர் வெறும் பிரசாரமெனத் தள்ளிவிடக் கூடும். அது அவசரத் தீர்ப்பாகும். எழுத்தறிவு குறைந்த மக்கள் கூட்டத்தின் முன், ஒலிபெருக்கி வாய்க்காத இடங்களிற் பாடப்படுவதற்கென இயற்றப்பட்டவை அவை. கேட்டவுடன் விளங்குதல், நினைவில் நிற்றல், வீடு திரும்பும் வழியில் வாயில் வருதல் என்பனவே அவற்றுக்குரிய இலக்கணம். யாருக்கு, எவ்விடத்தில், எந்தக் குரலிற் கூறுவது என்று தேர்ந்து கொள்ளுதலே எழுத்துத் தொழிலின் முதற்பாடம். அம்மையார் அப்பாடத்தை நன்கறிந்திருந்தார். மேடைப்பாட்டின் உரத்த குரலை ஆராயாது சிறுகதைக்குள் கொணர்ந்து வைத்தமை பின்வந்தோர் இழைத்த பிழை.

அடுத்து நம் கவனத்துக்குரியவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்து, ஆசிரியராகவும் தொழிற்சங்கவாதியாகவும் பணியாற்றி, 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். மறு ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களைப் பெரும்பாலும் நாடற்றவர்களாக்கிற்று. இத்தகைய அனுபவங்கொண்ட ஒருவர் வெறுங் கோபத்தையே எழுதியிருப்பினும் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். ஆனால் சி. வி. செய்தது வேறு. தேயிலைத் தோட்டத்து வாழ்வை முதலில் ஆங்கிலத்தில் நெடுங்கவிதையாக வடித்தார். சக்தீ பாலஐயாவின் தமிழாக்கத்தில் அது "தேயிலைத் தோட்டத்திலே" எனப் பெயர்பெற்றது. ஆங்கிலத்தில் எழுதியமைக்குக் காரணம் எளிதில் ஊகிக்கத்தக்கது: தோட்டத்தின் விதியைத் தீர்மானித்தோர் அம்மொழியிலேயே படித்தனர். பின்னர் அவர் தமிழுக்கு வந்து நடைச்சித்திரங்களும் நாவல்களும் எழுதினார். பத்திரிகைத் தொடராக வந்த "வீடற்றவன்" 1981இல் நூலாயிற்று.

இவையெல்லாவற்றிலும் மேலாக எழுதப் பயில்வோர் மனங்கொள்ளவேண்டியது அவருடைய நாட்டார் பாடற் சேகரிப்பாகும். தொழிற்சங்கப் பணியின் பொருட்டுத் தோட்டந் தோட்டமாகச் சென்ற அவர், ஆங்காங்கு வழங்கிய பாடல்களைக் கேட்டுத் திரட்டினார். அவை "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்ற தொகுதியாக 1983இல், அவர் மறைவதற்கு ஓராண்டு முன்னர் வெளிவந்தன. இதனை நாட்டாரியலுக்குச் செய்த தொண்டாக மட்டும் கருதுதல் போதாது. எழுத்தாளன் ஒருவனின் செவிப்பயிற்சியாகவும் இதனைக் கொள்ளுதல் தகும். தாலாட்டிலும் ஒப்பாரியிலும் கும்மியிலும் ஒரு சொல்கூட வீணாவதில்லை. ஒரு தலைமுறை பாடி, மறு தலைமுறை பாடி, தேவையற்றவை உதிர்ந்து எஞ்சியவையே நமக்குக் கிடைக்கின்றன. கூட்டாகச் செய்யப்பட்ட நூறாண்டுச் செப்பம் அது. அதனைச் செவிமடுத்தவருக்குச் சொற்சிக்கனத்தைப் பிறிதொருவர் கற்பிக்க வேண்டியதில்லை.

சொற்சிக்கனம் எனும்போது என். எஸ். எம். இராமையாவின் பெயரே முன்வந்து நிற்கிறது. 1931இற் பிறந்து 1990இல் மறைந்த இவர், வானொலி நாடகங்கள் எழுதி எழுத்துலகிற் புகுந்தவர். இது தற்செயலான செய்தி என்று விட்டுவிடத்தக்கதன்று. வானொலி நாடகத்திற் காட்சி இல்லை. ஆசிரியர் கூற்றுக்கும் இடம் குறைவு. பாத்திரத்தின் வயது, தொழில், மனநிலை, அக்கணத்தில் அது மறைக்கும் எண்ணம் ஆகிய யாவும் பேச்சினாலேயே புலப்பட வேண்டும். இப்பயிற்சியின் பயனை அவருடைய சிறுகதைகளின் உரையாடலிற் காண்கிறோம்.

1961இல் தினகரனில் வெளிவந்த "ஒரு கூடைக் கொழுந்து" மலையகச் சிறுகதை வரலாற்றின் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. ஏன் என்பதைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். கொழுந்தெடுப்பதிற் கைதேர்ந்த ஒரு பெண், அவளுடைய கூடையின் நிறை, அந்நிறைமீது பிறர் கொள்ளும் ஐயம் என்பனவே அக்கதையின் மையம். தோட்டத்துப் பெண்ணைப் பரிதாபத்துக்குரியவளாகவே காட்டிவந்த எழுத்துக்கிடையில், இராமையா அவளைத் தொழில் வல்லவளாகக் கண்டார். அவளது மானம் அவளது கைத்திறனோடு பிணைந்திருப்பதைக் கண்டார். தான் எடுத்த கொழுந்தைத் தான் எடுத்ததென நிலைநாட்ட வேண்டிய நெருக்கடி, எத்துணை உரத்த முழக்கத்தையும்விட ஆழமாக அவ்வாழ்க்கையின் அநீதியைப் படிப்போர் நெஞ்சிற் பதிக்கிறது. நுண்மையாக நோக்கின், இக்கதையே எழுத்துத் தொழில் பற்றிய ஒரு பாடமாகவும் அமைந்துவிடுகிறது. கொழுந்தெடுத்தல் யாரும் செய்யக்கூடிய வேலையென்று அறியாதோர் கருதுவர். முற்றிய இலையையும் வங்கியையும் ஒதுக்கி, மட்டத்துக்கு மேலே வந்த இரண்டு இலையையும் மொட்டையும் மட்டும், நோக்கியும் நோக்காமலும் விரல்கள் தெரிந்தெடுப்பதற்கு ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும். அத்தகைய நேர்த்தியுள்ள மக்களைப் பற்றி நேர்த்தியின்றி எழுதுதல் அவர்களை அவமதிப்பதாகும்.

இராமையா நிறைய எழுதியவரல்லர். அவருடைய சிறுகதைத் தொகுதி, மேற்கூறிய கதையின் பெயரையே தாங்கி, 1980இலேயே வெளிவந்தது. கதைக்கும் நூலுக்குமிடையில் ஏறத்தாழ இருபதாண்டுகள். இதனைப் பொறுமையின் இலக்கணமெனப் போற்றுவதா, வெளியீட்டு வசதியின்மையின் சான்றெனக் கவலுவதா? இரண்டுமே உண்மை. இவ்விரண்டையும் பிரித்தறியாது, வறுமையே கலையை வளர்த்ததென்று பெருமை பேசுவோரிடம் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்.

1960களில் வீரகேசரியின் ஆதரவோடு நடைபெற்ற மலைநாட்டுச் சிறுகதைப் போட்டிகள் ஒரு தலைமுறை எழுத்தாளரை வெளிக்கொணர்ந்தன. பரிசுக் கதைகள் 1971இல் "கதைக்கனிகள்" எனத் தொகுக்கப்பட்டன. அப்போட்டிகளின் வழியே கவனம் பெற்றவருள் முதன்மையானவர் தெளிவத்தை ஜோசப். 1934இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்து, தாம் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட இவர், 2022இல் மறையும் வரை எழுத்தோடு வாழ்ந்தவர். "காலங்கள் சாவதில்லை" (1974) நாவலும் "நாமிருக்கும் நாடே" (1979) சிறுகதைத் தொகுதியும் அவரை நிலைநிறுத்தின. 2010இல், எழுபதைக் கடந்த வயதில், "குடைநிழல்" நாவலை வெளியிட்டார். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது.

அவருடைய "மீன்கள்" என்ற கதை, வயதுவந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பராவில் முடங்கிக் கிடக்கும் குடும்பமொன்றின் சங்கடத்தைப் பேசுவது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவை எத்தனையோ அறிக்கைகளிற் படித்திருக்கிறோம். அவ்வளவு ஒரு மனிதனின் வெட்கமாக மாறுவதை அக்கதையிலேயே உணர்கிறோம். லயத்திற் பிறந்த எவருக்கும் தெரிந்த, ஆயின் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒன்றை எழுதுவதற்குத் துணிவு மட்டும் போதாது. எவ்விடத்தில் நிறுத்துவது என்ற அறிவும் வேண்டும். ஓரடி தவறினும் அது ஆபாசமாகவோ அழுகையாகவோ முடிந்திருக்கும். ஜோசப்பிடம் இன்னொரு பண்பும் உண்டு. தம் மக்களின் குறைகளையும் பார்த்து இலேசாக நகைக்க அவரால் முடியும். என் அம்மாவின் இரண்டாவது வினாவுக்குரிய விடை அவருடைய எழுத்திற் கிடைக்கிறது. நேசிப்பவனே நகைக்கவும் உரிமை பெறுகிறான்.

இவர்கள் யாவரும் தோட்டத்திற் பிறந்திருப்பினும் ஆசிரியராகவோ அலுவலராகவோ சங்கப் பணியாளராகவோ வாழ்ந்தோர்; தொழிலாளியாகவே இருந்து எழுதியோர் உளரோ என ஒருவர் வினவலாம். உளர். நுவரெலியா வீதியிலுள்ள லபுக்கலைத் தோட்டத்திலே தொழிலாளியாக வாழ்ந்த குறிஞ்சித்தென்னவன் மரபுக் கவிதையிற் பயின்ற கைகொண்டவர். அவருடைய கவிதைத் தொகுதி 1987இல் வெளிவந்தது. எதுகையும் மோனையும் சீரும் தளையும் கல்லூரியிற் பயின்றோரின் தனியுடைமையல்ல என்பதற்கு அவர் சான்று. தலவாக்கலைப் பகுதியைச் சேர்ந்த மல்லிகை சி. குமார் கவிதை, சிறுகதை, ஓவியம் ஆகிய மூன்றிலும் ஈடுபட்டவர், 2020இல் மறைந்தார். அவருடைய பெயரிலுள்ள மல்லிகை அவர் வாழ்ந்த தோட்டத்துக்குத் தமிழர் இட்டு வழங்கிய பெயரிலிருந்து வந்தது. "மாடும் வீடும்" என்ற அவரது தொகுதியின் தலைப்பே மாட்டுக்குரிய இடத்தையும் மனிதனுக்குரிய இடத்தையும் அருகருகே வைத்து, விளக்கம் எதனையும் வேண்டாது நிற்கிறது.

இவ்விடத்தில் நியாயமான தடையொன்று எழும். நாளெல்லாம் மலையில் உழைத்து, மாலையில் விறகும் நீரும் சுமந்து, ஒற்றை விளக்கைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்திருக்கும் அறையில் ஒரு கதையை ஐந்து முறை திருத்தி எழுதென்று கூறுவது எளிதா? எளிதன்று. பயிற்சி என்பது நேரம். நேரமோ வர்க்கத்தைப் பொறுத்தது. பெண்களின் நிலை இன்னும் கடினமானது. மலையிற் கொழுந்தெடுப்போர் பெரும்பாலும் பெண்களாயிருக்க, மேலே நான் விரித்துரைத்த படைப்பாளிகள் மீனாட்சி அம்மையார் ஒருவர் நீங்கலாக அனைவரும் ஆண்களாயிருப்பதை நானே எழுதும்போதுதான் கவனித்தேன். கோகிலம் சுப்பையாவின் "தூரத்துப் பச்சை" 1964இலேயே வெளிவந்திருந்தும், அவ்வழியில் மலையகப் பெண்களின் நாவல்கள் அணிவகுத்து வரவில்லை. என் வீட்டிலேயே என்னைவிடச் சுவையாகக் கதை கூறுபவர் என் அக்கா. சாதாரண தரப் பரீட்சையோடு அவருடைய படிப்பு நின்றது. எனக்கு மேசை கிடைத்தது. அவருக்குத் தையல் இயந்திரம் கிடைத்தது. ஆகவே பயிற்சியை வற்புறுத்தும் திறனாய்வு, அப்பயிற்சிக்கு வேண்டிய நூல்நிலையம், ஓய்வு, வெளியீட்டு வாய்ப்பு ஆகியவற்றையும் உடன் கோரவேண்டிய கடப்பாடுடையது. இல்லையேல் அது வெறும் உபதேசமாகிவிடும்.

வாசகர் பற்றியும் ஒரு வார்த்தை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தது. கோச்சியேறிச் சென்றவர்களுள் எழுதியவர்களும் இருந்தனர். எழுதியவற்றைப் படிக்கக்கூடியவர்களும் இருந்தனர். ஓர் இலக்கியம் தன் வாசகரை இவ்வாறு இழக்குமாயின், அது தன்னை அறியாத வெளியாருக்குத் தன்னை விளக்கத் தொடங்கும். எமது கதைகள் பலவற்றிற் காணப்படும் நீண்ட விளக்கவுரைகளுக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என எண்ணுகிறேன். பிரட்டு என்றால் என்ன, கொந்தரப்பு என்றால் என்ன என்று பாத்திரமே பாத்திரத்துக்கு விளக்கிக்கொண்டிருக்கும் விந்தையை வேறெங்கும் காணமுடியாது. தோட்டத்தவர் படிப்பரென்ற நம்பிக்கையோடு எழுதினால் அவ்விளக்கங்கள் தாமே உதிர்ந்துவிடும்.

இனி நாம் செய்யத்தக்கது யாது? முன்னோரிடம் கேட்ட பாடங்களைத் தொகுத்துக்கொள்வோம். மீனாட்சி அம்மையாரிடம் யாருக்கு எழுதுகிறோம் என்ற தெளிவையும், சி. வி.யிடம் செவிமடுத்தலையும், இராமையாவிடம் பேச்சினாற் பாத்திரத்தை நிறுத்துதலையும், ஜோசப்பிடம் நிறுத்துமிடம் அறிதலையும் நகைக்கும் நேசத்தையும், குறிஞ்சித்தென்னவனிடம் மரபைத் தன்னுடைமையாக்கும் உழைப்பையும் நாம் பெறுகிறோம். இவையாவற்றையும் இணைப்பது திருத்தி எழுதுதல் என்ற ஒரே பழக்கம். கவ்வாத்து வெட்டும்போது பசுமை நிறைந்த செடியை முழங்காலளவுக்குக் குறைத்துவிடுகின்றனர். பார்ப்போர் மனம் பதைக்கும். ஆயினும் அவ்வாறு வெட்டாத செடி மரமாகும்; கொழுந்து தராது. எம் எழுத்திலுள்ள பசுமையை வெட்டும் துணிவு எமக்கு வருதல் வேண்டும். வெட்டியபின் காத்திருக்கும் பொறுமையும் வேண்டும்.

பொருளும் மாறியுள்ளது என்பதை மறத்தலாகாது. 2023இல், மலையக மக்களின் முன்னோர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தது. அப்பாதையில் முதற்றலைமுறை நடந்தது கோப்பி மலைக்கு. இன்றைய தலைமுறையில் மலையிறங்கிக் கொழும்பின் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டு வீடுகளுக்கும் வேலை தேடிச் செல்வோர் பலர். பண்டிகைக்குத் தோட்டம் திரும்பும் இளைஞனின் பேச்சு வேறு. அவன் தாயின் பேச்சு வேறு. இவ்விரண்டையும் ஒரே இஸ்தோப்பில் அமர்த்தி எழுதத்தக்க செவி எமக்கு உண்டா என்பதே எம் தலைமுறைக்கு முன்னுள்ள சோதனை.

இச்சங்கத்தின் உறுப்பினருக்கு ஒரு வேண்டுகோளை முன்வைத்து முடிக்கிறேன். அடுத்த ஆண்டு மலருக்குக் கதை தருவோர், தருவதற்கு முன்னர், அக்கதை யாரைப் பற்றியதோ அவருள் ஒருவருக்கேனும் அதனை உரத்து வாசித்துக் காட்டுவோமாக. அவர் எங்கே முகம் சுளிக்கிறார், எங்கே வேறு பேச்சுக்குச் செல்கிறார் என்பதை அருகிருந்து கவனிப்போமாக. நானும் அந்த முதற்கதையை விட்டுவிடவில்லை. இதுவரை ஐந்து முறை எழுதியுள்ளேன். அப்பெண் இப்போது சாவதில்லை. நிரையில் நின்று பக்கத்து நிரைக்காரியோடு சண்டை பிடிக்கிறாள். சென்ற விடுமுறையில் வாசித்தபோது அம்மா இரண்டிடங்களிற் சிரித்தார். மூன்றாவதோர் இடத்தில், நிறுவை பற்றி நான் எழுதியிருந்தது சரியல்ல என்று கூறிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். அவ்விடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.